மைதா மாவில் ஒரு பூக்கடை

அட்டக்குளங்கரைப் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே உள்ள ஹோட்டல் வாசலில், சாயங்காலமானால் நாலைந்து பேர் சும்மா நின்றுகொண்டிருப்பார்கள். சாப்பிட வந்தவர்கள் உள்ளே போய்விடுவார்கள். இவர்கள் பஸ்ஸுக்கு வந்தவர்கள். பஸ் வந்தும் ஏறாமல் நிற்பவர்களும் உண்டு. எல்லாம் கல்லுக்குப் பின்னால் நிற்கும் புரோட்டா மாஸ்டர் பிச்சைக்கனியின் கையைப் பார்க்கத்தான். எண்ணெய் மினுங்கும் மேசையில் ஒரு மாவுருண்டையை அமுக்கி எடுத்து இரண்டு வீச்சு வீசினால் போதும், அந்தப் பக்கம் நிற்பவரின் சட்டைப் பூ இந்தப் பக்கம் தெரியும். கண் எங்கேயோ இருக்கும், வாய் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கும், கை மட்டும் அதன் வேலையைப் பிசகாமல் பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்தக் கை வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருப்பதில்லை என்பதுதான் அவர் மனைவி மாடம்மாளின் பிராது.

இருவரும் வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புக்குத் திருவனந்தபுரம் வந்தவர்கள். அவருக்கு நாற்பத்தைந்து தாண்டி மீசை நரைத்தாகிவிட்டது. முன்னால் பிறந்தவை தங்காமல் போக, சாமியிடம் பிச்சையாகக் கேட்டு வாங்கிய பிள்ளை என்று தாயார் வைத்த பெயர் பிச்சைக்கனி. மாடம்மாள் சாலை பஜாரில் ஒரு பூக்கடையில் பூக்கட்டுகிறாள். தோவாளையிலிருந்து காலையில் வந்து இறங்கும் பூ மதியத்துக்குள் அவள் கையில் சரமாகிவிடும். கிள்ளிப்பாலத்துக்குப் பின்னால் வரிசை வீடுகளில் கடைசி வீடு அவர்களுடையது. பிள்ளை இல்லை. அதற்காகப் போகாத கோயிலும் பார்க்காத டாக்டரும் இல்லை. பிறகு ஒரு நாள் இருவருமாக அந்தப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அவர்கள் நிறுத்தினால் ஊர் நிறுத்துமா?

பொம்மை விஷயம் ஆரம்பித்தது ஹோட்டலில்தான். சாப்பிட வந்த குடும்பம் ஒன்று மேசைக்கடியில் ஒரு பொம்மையை விட்டுவிட்டுப் போயிருந்தது. ஒரு சாண் உயரம். முட்டி, மூட்டு எல்லாம் மடங்கும். முகத்தில் முகமூடி, முதுகில் பச்சைத் துணி. ஊரைக் காப்பாற்றுகிற ஆள் என்பது பார்த்தாலே தெரியும், ஆனால் இடது கை இல்லை. தேடி வருவார்கள் என்று கல்லாப்பெட்டிப் பக்கத்திலேயே உட்கார்த்தி வைத்தார்கள். யாரும் வரவில்லை. கை போன பொம்மைக்கு யார் திரும்பி வரப் போகிறார்கள்! பிச்சைக்கனி அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். மைதாவில் வெள்ளைப் பசையைக் கலந்து, வெடிக்காமல் இருக்க இரண்டு சொட்டு எண்ணெயும் விட்டுப் பிசைந்து, விரல் நகம் வரைக்கும் வைத்து ஒரு கை செய்து ஒட்டினார். துரை என்று பெயரும் வைத்தார். மறுநாள் துரையை ஹோட்டல் அடுப்புக்கு முன்னால் நிறுத்தி ஃபோனில் ஒரு படம் எடுத்தார். பின்னால் ஊரே பற்றி எரிவது போலத் தீ. துரையோ புதுக் கையில் ஒரு குட்டிப் புரோட்டாவை வைத்துக்கொண்டு நின்றான். பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஷைஜு மட்டும் சிரித்து முடித்துவிட்டு, ஃபோனை மறுபடியும் வாங்கிப் பார்த்தான்.

ஷைஜு சாலை பஜாரில் ஃபோன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். இப்படிப் பொம்மையை வைத்துக் காட்சி கட்டிப் படமெடுக்கிற கூட்டம் ஒன்று ஊரில் இருக்கிறது, தானும் அதில் ஒருத்தன் என்று சொல்லி, அவரையும் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டான். அதில் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் இருந்தார்கள், ஒரு பல் டாக்டர் இருந்தார். அவர்களுக்குப் பொம்மைகள் வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வந்தன. பிச்சைக்கனிக்கு வந்ததெல்லாம் பழைய சாமான் கடைக் குவியலிலிருந்து கால் போனவை, தலை திரும்பாதவை. வந்தவற்றுக்கெல்லாம் கையும் காலும் வைத்துக்கொடுத்தார்.

மற்றவர்கள் குண்டு வெடிப்பதையும் கோட்டை சரிவதையும் கட்டினார்கள். அதில் நல்ல வேலைக்காரர்கள் இருந்தார்கள், குறை சொல்வதற்கில்லை. ஆனால் பிச்சைக்கனி கட்டியதை அவர் ஒருத்தர்தான் கட்ட முடியும். கரமனை ஆற்றுப் படித்துறையில் துரை தன் பச்சைத் துணியைக் கழற்றித் துவைத்துக்கொண்டிருப்பான். துப்பாக்கி வீரர்கள் இரண்டு பேர் ஒரே குடைக்குள் தோள் நனைய பஸ்ஸுக்கு நிற்பார்கள். இயந்திர மனிதன் ஒருத்தன் பையும் கையுமாக ரேஷன் கடை வரிசையில் நிற்பான். முன்னால் நிற்பவர்கள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அரிசிக் கவலையில் இருப்பார்கள். சண்டையே வைப்பதில்லையே, ஏன் என்று ஷைஜு ஒருநாள் கேட்டான்.

"சண்டை போடுதவனும் ரெண்டு நேரம் திங்கணும்லா, துணி துவைக்கணும்லா. அத யாரு படம் எடுக்கா?" என்றார் பிச்சைக்கனி.

சுவருக்கும் தரைக்கும் ஆற்றங்கரைக் களிமண். முகம், கை, விரல் என்று நுணுக்கம் வருகிற இடத்தில் மைதா. கொதித்துச் சக்கையான தேயிலையைக் காயவைத்துத் தூவினால் மண் தரை, மதில் பாசியைச் சுரண்டி வைத்தால் புல், ஊதுபத்தியை ஊதிவிட்டால் மலைப் பனி. மழை வேண்டுமென்றால் மாடம்மாளின் பூக்கடையில் பூவுக்குத் தண்ணீர் தெளிக்கிற பம்பு. எல்லாம் கட்டி முடித்ததும் மனிதர் குப்புறப் படுத்துவிடுவார். தாடை தரையில் பட, ஃபோனைத் தலைகீழாகத் திருப்பி, அதன் கண் பொம்மையின் கண்ணுக்கு நேராக வரும்வரைக்கும் தாழ்த்துவார். சில சமயம் முற்றத்து ஈரத்தில் கிடப்பார். சட்டையைத் துவைக்கிறவளுக்குத்தான் அந்தச் சேற்றின் அருமை தெரியும்.

"மேல நின்னு பாத்தா பொம்மைதான். அதோட கண்ணு உசரத்துக்கு எறங்கிப் பாத்தா ஆளு" என்று அவளிடமும் சொல்லியிருக்கிறார். வந்து படுத்துப் பார் என்று கூப்பிட்டும் இருக்கிறார். சேலை கட்டிக்கொண்டு தரையில் குப்புறப் படுக்கிற வயசா என்று அவள் போகவே இல்லை. நின்றபடிதான் பார்ப்பாள். நின்று பார்த்தால் பொம்மைதான் தெரிந்தது.

அவளுக்கு அவர் மேல் கோபம் இல்லை. குடி கிடையாது, சீட்டு கிடையாது. வேலை முடிந்தால் வீடு. பக்கத்து வீட்டு ஆண்களோடு ஒப்பிட்டால் தங்கம். ஆனால் பிள்ளை இல்லாத வீட்டில் ஜன்னலெல்லாம் பொம்மை நிற்பதைப் பார்த்து வந்து போகிறவர்கள் ஒரு நொடி பேச்சை நிறுத்துவார்கள். பிறகு வேறு ஏதாவது பேசுவார்கள். அந்த ஒரு நொடிதான் அவளைக் கொன்றது. அவரும் ஒருவேளை அந்த ஏக்கத்தில்தான் இதைச் செய்கிறாரோ என்று அவளுக்குள்ளேயே ஒரு சந்தேகம் உண்டு. அதை அவரிடம் கேட்கும் தைரியம்தான் வந்ததில்லை.

அந்த வருஷம் இடவப்பாதி என்கிற ஜூன் மாத மழை ஆரம்பித்த சமயத்தில், குழுவிலிருந்து ஒரு செய்தி வந்தது. மானவீயம் வீதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லோரும் அவரவர் கட்டியதைக் கொண்டுவந்து நடைபாதையில் வைக்க வேண்டும். ஜனங்கள் பார்க்க, அந்தத் தெரு வெளிச்சத்திலேயே படம் எடுக்க வேண்டும். பிச்சைக்கனிக்குச் சோறு இறங்கவில்லை. புதிதாக ஒன்றை ஆரம்பித்தார். இதை மட்டும் அவளுக்குக் காட்டாமல் துண்டு போட்டு மூடியே வைத்திருந்தார். மூடியது மூடியபடி முற்றத்தில் கூரைக்குக் கீழே போட்ட மேசையில் இருந்தது. மேசையின் நாலு கால்களும் நாலு கிண்ணத் தண்ணீரில் நின்றன. மைதாவும் எண்ணெயும் சேர்ந்த இடத்துக்கு எறும்பு தானாக வரும் என்பது புரோட்டா மாஸ்டருக்குத் தெரியாதா? அந்தக் கிண்ணங்களில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்வது அவருக்குச் சாமி விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவது போல ஒரு கடமை.

அதே நாட்களில் மாடம்மாளின் அலமாரியில் பழைய மஞ்சள் சேலை ஒன்றின் முந்தானையில் கையகலத் துண்டு காணாமல் போயிருந்தது. எலிதான் என்று முடிவுகட்டி, எலிப்பொறி வாங்கி வைத்தாள். பிச்சைக்கனியும் கூடவே நின்று எலியைத் திட்டினார்.

அப்போதுதான் ஊரிலிருந்து அக்கா வருகிறாள் என்று தகவல் வந்தது. பேச்சித்தாய் மாடம்மாளுக்கு மூத்தவள். மூன்று பிள்ளைகளைப் பெற்று மூன்றையும் கட்டிக்கொடுத்தவள். திருவனந்தபுரத்தில் கண்புரை ஆப்பரேஷன் செய்துகொண்டு, ஒரு வாரம் தங்கை வீட்டில் இருந்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. நல்லவள்தான். தங்கைக்கு அரிசியும் கருப்பட்டியும் சுமந்துகொண்டு வருவாள். வாயும் கூடவே வரும்.

மாடம்மாள் அன்று மத்தியானம் கணவரிடம் கேட்டேவிட்டாள். அக்கா போகிற வரைக்கும் இதையெல்லாம் கண்ணில் படாமல் எடுத்து வைக்க முடியுமா என்று. அவர் எங்கே வைப்பது என்று கேட்டார். சமையலறைப் பரணைக் காட்டினாள்.

"பரண்ல எறும்பு..." என்று ஆரம்பித்தார்.

"ஒரு வாரந்தானே" என்றாள் அவள்.

அவர் ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கினார். துண்டு போட்ட அந்தப் புதியதை மட்டும் துண்டோடு தூக்கித் தனிப் பெட்டியில் இறக்கினார். முற்றத்து மேசையை உள்ளே இழுத்துப் போட்டு, நாலு கிண்ணத்தையும் கழுவிக் கவிழ்த்தார். மாடம்மாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அப்போது அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

பேச்சித்தாய் வந்தாள், ஆப்பரேஷன் ஆனது, கறுப்புக் கண்ணாடியோடு வீட்டில் உட்கார்ந்தாள். எல்லாம் நல்லபடியாகப் போயிருக்கும். ஆனால் பிச்சைக்கனி துரையை மட்டும் பெட்டியில் போட மனசில்லாமல் சமையலறை ஜன்னல் மூலையில், உப்புச் சாடிக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார். ஒரு காலையில் காப்பிக்குச் சர்க்கரை தேடித் தடவிய பேச்சித்தாயின் கையில் துரை அகப்பட்டுவிட்டான். அவனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஆப்பரேஷன் ஆன கண்ணால் ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏட்டி, இது யாரு பிள்ளைது?"

மாடம்மாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அடுத்த வீட்டுப் பிள்ளை விட்டுட்டுப் போயிட்டு யக்கா."

பேச்சித்தாய் சிரித்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சியா? இவரு பொம்மைப் படத்த ஊர்ல ஃபோன்ல எல்லாவனும்தான் பாத்துட்டுக் கெடக்கான். பிள்ளை இல்லாத வீட்ல கிழவன் துள்ளி விளையாடினானாம்."

பழமொழிக்கு இரக்கம் கிடையாது. எத்தனையோ வீட்டில் சொல்லித் தேய்ந்த சொல், அன்றைக்கு அந்தச் சமையலறையில் புதிதாக விழுந்தது. மாடம்மாள் திரும்பினாள். வேலைக்குக் கிளம்பிச் சட்டை மாட்டியபடி பிச்சைக்கனி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. அவர் முகத்தில் கோபம் இல்லை. உள்ளே வந்து, மைனி பேச்சித்தாயின் கையிலிருந்து துரையைப் பதமாக வாங்கிக்கொண்டார்.

"பிள்ளை தேடும். அடுத்த வீட்ல குடுத்துட்டுப் போறேன்" என்றார்.

அடுத்த வீட்டில் பிள்ளையே கிடையாது. சிவகாமியம்மாள் என்று ஒரு ரிட்டயர்டு நர்ஸ் தனியாக இருந்தார். பொய்யைச் சொன்னவள் மாடம்மாள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனவர் அவர். அக்கா சொன்னது வலித்தது உண்மைதான். ஆனால் அன்று முழுக்கப் பூக்கட்டும்போது அவள் கண்ணில் நின்றது அக்கா இல்லை, சட்டைப் பையில் தலை நீட்டிக்கொண்டிருந்த துரையோடு வெயிலில் நடந்து போன அந்த முதுகு. அக்காவுக்கு ஒரு வார்த்தை பதில் சொல்லியிருக்கலாம். 

துரை அதன் பிறகு வீட்டுக்கு வரவில்லை. ஹோட்டலில் கல்லாப்பெட்டிப் பக்கமே இருந்தான். பிச்சைக்கனியும் வேலைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார், மைனிக்கு நேரம் தவறாமல் கண்ணில் சொட்டு மருந்து விட்டார். ஒரு குறை சொல்ல முடியாது. கை மட்டும் மடியில் சும்மா கிடந்தது. அந்தக் கை சும்மா கிடந்து மாடம்மாள் பார்த்ததே இல்லை. இத்தனை வருஷம் அதைத்தான் பிராது சொன்னாள், இப்போது அது சும்மா கிடப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

பேச்சித்தாயை வள்ளியூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்த கையோடு, ஸ்டூலைப் போட்டுப் பரணிலிருந்து பெட்டிகளை மாடம்மாளே இறக்கினாள். இறக்கும்போதே முழங்கை வரைக்கும் எறும்பு ஏறிவிட்டது. பிச்சைக்கனி ஓடிவந்து பெட்டிகளை முற்றத்துக்குக் கொண்டுபோய்த் திறந்தார். செய்தித்தாளெல்லாம் கறுப்பாக ஊர்ந்தது. படித்துறையில் துவைத்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், எல்லோருடைய முகமும் கையும் பொடியாகக் கொட்டின. எறும்பு தின்றது போக மிச்சத்தில் பூஞ்சணம் பூத்திருந்தது. களிமண் சுவர்களும் பிளாஸ்டிக் உடம்புகளும்தான் தப்பியவை. கடைசியாகத் துண்டு போட்ட பெட்டி. துண்டை எடுக்க அவருக்குக் கை வரவில்லை. அவள் எடுத்தாள்.

ஒரு கடை. பஜாரில் அவள் உட்காருகிற அதே கடை. சாய்ந்த தகரக் கூரை, பச்சை அடித்த மரப்பலகை, மேலே கம்பியில் தொங்கின சரங்களின் நூல். பூ ஒன்றுகூட இல்லை, நூல் மட்டும் இருந்தது. பலகைக்குப் பின்னால் சம்மணம் போட்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். எந்தக் காலத்திலோ குத்துச்சண்டைக்குக் கை மடக்கி நின்ற சண்டைக்காரிப் பொம்மை அது. முட்டியை மடக்கி உட்காரவைத்திருந்தார். பாதி முகம் இல்லை. பூக்கட்டுகிற கை இரண்டும் மணிக்கட்டோடு போயிருந்தன. உடுத்தியிருந்தது மஞ்சள் சேலை. மாடம்மாள் அந்தச் சேலையை விரலால் தொட்டுப் பார்த்தாள். பொறியில் சிக்காத எலி எது என்று அப்போதுதான் தெரிந்தது.

அவள் அழுதாள். சத்தம் வெளியே போகக்கூடாது என்ற நினைப்பெல்லாம் இல்லாமல் அழுதாள். பிச்சைக்கனி பதறிப்போய், எறும்பு கடித்துவிட்டதா என்று கையைப் பிடித்துத் துடைத்துவிட்டார். இவ்வளவு காலம் கேட்காத கேள்வியை அப்போதுதான் கேட்டாள்.

"நமக்கு ஒரு பிள்ளை இருந்திருந்தா, நீங்க இதெல்லாம் செஞ்சிருக்க மாட்டியல்லா?"

அவர் ஆச்சரியமாக நிமிர்ந்தார். "பிள்ளை இருந்திருந்தா அதையும் பக்கத்துல வச்சுக்கிட்டுச் செஞ்சிருப்பேன். இது அதுக்குப் பதிலா செய்யுததுன்னா நெனச்ச? ஏட்டி, அந்தச் சங்கடம் வேற, இந்தச் சந்தோசம் வேற. எனக்கு இது பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்."

அவ்வளவுதானா! மாடம்மாளுக்கு நெஞ்சில் கட்டிக் கிடந்தது ஒன்று அவிழ்ந்தது. இந்த மனுஷன் ஏங்கிச் செய்யவில்லை, ஆசையாகச் செய்கிறார். ஊருக்கு அது புரியாதது ஊரின் கஷ்டம். அவளுக்கே புரியாமல் போனதுதான் வெட்கக்கேடு. முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைக்குள் இதை மறுபடியும் கட்டினால் என்ன என்று கேட்டாள். மழைக்காலத்தில் மைதா காயாது என்றார் அவர். முகமும் கையுமாவது எப்படியாவது காயவைக்கலாம். அத்தனை பூவை மறுபடி செய்ய நேரமே இல்லை.

"பூவை எங்கிட்ட விடுங்க. பூ கட்டுததுக்கு எனக்குச் சொல்லித் தரணுமாக்கும்" என்றாள்.

பூக்காரிக்கும் மற்றப் பொம்மைகளுக்கும் புதிதாகச் செய்த கைகளைப் பிச்சைக்கனி ஹோட்டலுக்குக் கொண்டுபோனார். மழை ஈரம் எட்டாத ஒரே இடம் புரோட்டாக் கல்லின் ஓரம். வெந்து புரளும் புரோட்டாக்களுக்குப் பக்கத்தில், வாழையிலைத் துண்டில், நகமளவு கைகள் வரிசையாகக் காய்ந்தன. முதலாளி குனிந்து பார்த்துவிட்டு, "கனியே, இது நம்மட மெனுவில உண்டோ?" என்று கேட்டாராம். சாப்பிட வந்த ஒருவர் பார்சலில் கை ஒன்றும் வந்துவிடாதே என்று பயந்தாராம். கைகள் காய்ந்தன. அதோடு துரையும் வீட்டுக்குத் திரும்பினான்.

மாடம்மாளுக்கு வந்தது வேறு சங்கடம். மல்லியும் பிச்சியும் அந்தக் கடைக்கு முன்னால் பூசணிக்காய் அளவுக்கு நின்றன. சரமாகத் தொங்கவிட்டால் கடையே மூடிவிடும். யோசித்து, துளசிக் கதிரைக் கிள்ளினாள். வெள்ளைக்குத் தும்பைப் பூவின் சிறு மொட்டு, பச்சைக்கு மரிக்கொழுந்தின் நுனி. வாழைநாரைத் தலைமுடி மாதிரிக் கிழித்து, மொட்டுக்கு மொட்டு முடிச்சுப் போட்டாள். இவ்வளவு வருஷத்தில் முழக் கணக்கில் கட்டியவள், விரல்கடை நீளச் சரத்துக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒன்று முடிந்து தூக்கிப் பார்த்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. அடுத்ததை இன்னும் நெருக்கமாகக் கட்டினாள். பிச்சைக்கனி பக்கத்தில் உட்கார்ந்து, பாதி முகத்துக்கு மீதி முகம் வைத்துக்கொண்டிருந்தார். நடுநடுவே நிமிர்ந்து மனைவியின் மூக்கைப் பார்ப்பார், பொம்மையின் மூக்கைத் திருத்துவார்.

ஞாயிற்றுக்கிழமை மானவீயம் வீதியில் மழை விட்டிருந்தது. மரத்தடியில் தரை ஈரம் மாறவில்லை. பெட்டி பெட்டியாக வந்து இறங்கினார்கள். பெரிய பெரிய கோட்டைகள், புகை கக்கும் விமானம், பல் டாக்டர் கட்டிய எரிமலை ஒன்று நிஜமாகவே கனன்றது. அவற்றுக்கு நடுவில் பிச்சைக்கனியின் கடை கையகலம்தான். மாடம்மாள் காலையில் பறித்துக் கட்டிய சரங்களை ஒவ்வொன்றாகக் கம்பியில் மாட்டினாள், பூக்கடைப் பம்பை எடுத்து லேசாகத் தண்ணீர் தெளித்தாள். பூக்காரி இரண்டு கையும் திரும்பி வந்து நாரை இழுத்துக்கொண்டிருந்தாள். பலகைக்கு முன்னால் துரை வந்து நின்றான். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவன், ஒரு சரம் வாங்க நிற்கிறான். எங்கிருந்தோ ஒரு எறும்பு பலகை மேல் ஏறிவந்தது. ஷைஜு ஊதிவிடக் குனிந்தான்.

"விடு ஷைஜு, இருக்கட்டும். அதுக்கும் இந்தக் கடையில பங்கு உண்டு" என்றார் பிச்சைக்கனி.

அவர் ஈரத் தரையில் குப்புறப் படுத்தார். ஃபோனைத் தாழ்த்தினார். கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, தலையைத் தூக்கி அவளைக் கூப்பிட்டார். எத்தனையோ தடவை கூப்பிட்ட அதே கூப்பாடுதான். சுற்றிலும் ஜனம், காலேஜ் பிள்ளைகள், குடும்பம் குடும்பமாக வந்தவர்கள். மாடம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். முதலில் மண்டியிட்டாள், பிறகு கையை ஊன்றினாள், பிறகு அவருக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்தேவிட்டாள். தாடையைத் தரையில் வைத்தாள்.

அந்த உயரத்தில் பொம்மை இல்லை. சாயங்கால வெளிச்சம் தகரக் கூரைக்குக் கீழே சாய்வாக விழுந்தது. சரங்களில் தண்ணீர் சொட்டியது. வீதியில் நடந்த நிஜ ஜனங்களின் கால்கள் தூரத்தில் மங்கலாக, பஜாரில் ஆள் போவது போலவே போயின. கடையில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். வேலையில் கண்ணாக, யாருக்கும் தலைகுனியாமல், எதற்கும் குறைவில்லாத ஒருத்தி. நான் இப்படியா இருக்கிறேன் என்று மாடம்மாள் நினைத்தாள். இவர் என்னை இப்படியா பார்க்கிறார்?  இவ்வளவு பெரிய வேலைக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறோம் என்பது இத்தனை காலம் கழித்து, தரையில் கிடக்கும்போது அவளுக்குத் தெரிந்தது.

அப்போதுதான் அவள் ஃபோன் அடித்தது. ஊரிலிருந்து அக்கா, வீடியோவில். கை தட்டுத் தடுமாறி எடுத்துவிட்டது. திரையில் கறுப்புக் கண்ணாடி போய்த் தெளிந்த கண்களோடு பேச்சித்தாய் வந்தாள். தங்கையின் முகமும் ஈரத் தரையும் ஒன்றாகத் தெரிந்ததும் பதறினாள்.

"ஏட்டி, என்ன, கீழ விழுந்துட்டியா?"

பிச்சைக்கனி சட்டென்று எழப் போனார். இன்னொரு பொய்க்கு இடம் கொடுத்து ஒதுங்கத்தான் எழுந்தார். மாடம்மாள் அவர் தோளைப் பிடித்து அமுக்கினாள். ஃபோனைத் தாழ்த்தி, கடையின் கண் உயரத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பினாள். அந்தப் பக்கம் அக்கா கண்ணைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள்.

"பூ நல்லா இருக்கே. யாரு கடைட்டி அது?" என்றாள் பேச்சித்தாய்.

"எங்க கடை யக்கா. கடை இவிய கட்டினது, பூ நான் கட்டினது" என்றாள் மாடம்மாள். "பிள்ளை இல்லாத வீட்ல கிழவன் துள்ளி விளையாடினானாம்னு சொன்னேல்லா? கிழவியும் சேந்து துள்ளுதா. நல்லாப் பாத்துக்கோ."

பக்கத்தில் கடையைப் படமெடுக்கத் தன் ஃபோனைப் பிடித்துக்கொண்டிருந்த பிச்சைக்கனி சிரித்த சிரிப்பில் கை ஆடிவிட்டது. மாவு வீசுவதில் ஒருநாளும் பிசகாத அந்தக் கை எடுத்த அந்தப் படம் மட்டும் கலங்கலாகத்தான் விழுந்தது.